அலுவலகங்களின் ஆயுள்: நிறைவேற்று அதிகாரமும் ஒரு கிராமத்தின் அநுபவமும்

அரசு என்பது அரசியல் நூல்களிலே இறைமை, யாப்பு, அதிகாரப் பிரிப்பு முதலிய எண்ணக்கருக்களாகத் தோன்றுகின்றது. கிராமத்தவருக்கோ அது சில கட்டிடங்களாகவும், அவற்றில் அமர்ந்திருக்கும் சில உத்தியோகத்தர்களாகவும், அவர்கள் ஒப்பமிடும் சில படிவங்களாகவுமே தோற்றம் தருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நடுவே, பலாலி வீதியை ஒட்டிக் கிடக்கும் உரும்பிராயைச் சேர்ந்த கமக்காரர் ஒருவருக்கு அரசு எனப்படுவது கமநல சேவை நிலையம், கிராம அலுவலர், கோப்பாய்ப் பிரதேச செயலகம், வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை, சமுர்த்தி வங்கி ஆகியனவே. கொழும்பிலே அரசாங்கம் மாறினால் அவர் அதனைப் பத்திரிகையிலே படிப்பார். இவ்வலுவலகங்களுள் ஒன்று பெயர் மாறினாலோ, இடம் மாறினாலோ, இல்லாதொழிந்தாலோ அதனை அவர் வாழ்க்கையிலே உணர்வார்.

இலங்கையின் நிறைவேற்று ஜனாதிபதி முறை பற்றித் தமிழில் எழுந்த விமர்சனங்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை அவசரகாலச் சட்டம், நீதித்துறையின் சுதந்திரம், சிறுபான்மையினர் உரிமை ஆகியவற்றையே பொருளாகக் கொண்டவை. அவை அவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்முறையினுள்ளே ஆரவாரமின்றி இயங்கிவரும் பிறிதோர் அதிகாரம் போதிய கவனத்தைப் பெறவில்லை. அரச நிறுவனங்களை ஆக்கவும், பெயர்க்கவும், இணைக்கவும், ஒடுக்கவும், ஒழிக்கவும் ஒருவருக்கு உள்ள அதிகாரமே அது. அவ்வதிகாரம் எத்தகையது, அது கிராமத்தைச் சென்றடையும் வழி யாது, அதற்கு வகுக்கத்தக்க வரம்புகள் எவை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் அலுவலகத்தை ஒழிப்பவர் செலவினத்தை மட்டும் ஒழிப்பதில்லை. அதன் ஏடுகளில் உறையும் நினைவையும், குடிமகன் கேள்வி கேட்கக்கூடிய முகவரியையும் உடன் ஒழிக்கின்றார் என்பதே ஈண்டு நிறுவ முற்படும் கருத்து.

யாப்பின் வாசகம்

1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 44ஆம் உறுப்புரையில் இவ்வதிகாரம் முதலில் இடம்பெற்றது. பின்வந்த திருத்தங்களினால் உறுப்புரையின் இலக்கம் மாறியதாயினும் சாரம் பெரிதும் மாறவில்லை. அமைச்சர்களின் தொகை, அமைச்சுகளின் தொகை, அவற்றுக்கு ஒதுக்கப்படும் விடயங்களும் பணிகளும் ஆகியவற்றை ஜனாதிபதியே தீர்மானிப்பார். அவசியமெனத் தாம் கருதினாற் பிரதமருடன் கலந்தாலோசிப்பார். அவ்வொதுக்கீட்டை எந்நேரத்திலும் மாற்றுவார். அவசியமா அன்றா என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. எனவே கலந்தாலோசனை என்னும் சொல் யாப்பில் இருக்கின்றதேயன்றி அதன் கட்டுப்பாடு இல்லை. காரணங் கூறவேண்டும் என்ற நிபந்தனையும் அவ்வுறுப்புரையிற் காணப்படவில்லை.

இதனோடு 52ஆம் உறுப்புரையையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒவ்வோர் அமைச்சுக்கும் ஜனாதிபதி ஒரு செயலாளரை நியமிப்பார். அமைச்சரின் பணிப்புக்கமையத் திணைக்களங்களையும் ஏனைய நிறுவனங்களையும் அச்செயலாளர் மேற்பார்வை செய்வார். ஜனாதிபதியின் தீர்மானத்தால் அமைச்சு இல்லாதொழியுமாயின் செயலாளரின் பதவியும் ஒழியும். வள்ளுவர் தகுதியறிந்து ஒருவரைத் தெளிதலையும், தெளிந்த பின் அவரிடம் வினையை ஒப்படைத்தலையும் இரு தனி அதிகாரங்களாக வகுத்தார். ஆளை ஆராய்ந்து தேர்தல் பற்றி அங்கு விரிவாகப் பேசப்படுகின்றது. நமது யாப்போ ஆளையும் வினையையும் மட்டுமன்றி, வினைக்குரிய ஆசனத்தையே ஒரு கையொப்பத்தால் அகற்ற இடமளிக்கின்றது.

இவ்வதிகாரம் 1978இல் வானத்திலிருந்து குதித்தது எனக் கூறுதல் பொருந்தாது. சோல்பரி யாப்பின் கீழும், 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பின் கீழும் அமைச்சர்களுக்கு விடயங்களை ஒதுக்கும் அதிகாரம் பிரதமரிடம் இருந்தது. வேறுபாடு அதிகாரத்தின் தன்மையிலன்று. அதனை உடையவர் நிற்கும் இடத்திலேயே உள்ளது. பிரதமர் சபையின் நம்பிக்கையில் நின்றவர். சாதாரணப் பெரும்பான்மை வாக்கொன்றால் வீழ்த்தப்படக்கூடியவர். நாள்தோறும் சபையின் முன் அமர்ந்து வினாக்களுக்கு விடையிறுக்க வேண்டியவர். ஜனாதிபதியோ நிலையான பதவிக்காலம் உடையவர். அவரைப் பதவியினின்றும் அகற்ற மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் உயர் நீதிமன்றத்தின் விசாரணையும் வேண்டும். ஒரே வாள் ஒருவர் கையில் உறையுடனும் மற்றவர் கையில் உறையின்றியும் இருந்தது எனலாம்.

சட்டத்தினால் நிறுவப்பட்ட சபைகளையும் அதிகாரசபைகளையும் ஜனாதிபதி தாமாக ஒழித்துவிட முடியாது; அதற்குப் பாராளுமன்றத்தின் சட்டம் வேண்டும் என்று விடை கூறப்படலாம். அது சரியே. ஆனால் ஒரு நிறுவனத்தைச் சாகடிப்பதற்குச் சட்டத்தை நீக்க வேண்டியதில்லை. அதனை ஓர் அமைச்சிலிருந்து பிறிதோர் அமைச்சுக்கு மாற்றலாம், வெற்றிடங்களை நிரப்பாது விடலாம், நிதியைச் சுருக்கலாம். 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபை இதற்குத் தக்க உதாரணமாகும். தொண்ணூறுகளில் அதன் கொள்வனவுப் பணி ஒடுங்கியது. 2000களின் பிற்பகுதியில் அது மீளவும் இயக்கப்பட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் சட்டப் புத்தகத்திற் சபை உயிரோடிருந்தது. நெல்லை விற்க வந்த விவசாயிக்கு அது இறந்திருந்தது.

விதானையும் கிராம சபையும்

ஒழிப்பு யாவும் தீது எனக் கொள்ளின் அது விமர்சனமாகாது, பழைமை மோகமாகிவிடும். யாழ்ப்பாணத்திலே மணியகாரர், உடையார், விதானையார் என்ற படிமுறையில் அமைந்திருந்த தலைமைக்கார முறை அந்நியராட்சிக் காலத்தில் உறுதிபெற்றது. நிலவுடைமையும் சாதி மேலாண்மையும் கொண்ட குடும்பங்களே இப்பதவிகளைப் பெரும்பாலும் வகித்தன. மணியகாரருக்குப் பதிலாகக் காரியாதிகாரிகள் வந்தனர். 1963இல் விதானைப் பதவி ஒழிக்கப்பட்டு, போட்டிப் பரீட்சை வாயிலாகத் தெரிவுசெய்யப்படும் கிராம சேவையாளர் நியமிக்கப்பட்டனர். பிறப்பின் இடத்தைப் பரீட்சை பெற்றமை வரவேற்கத்தக்க மாற்றம் என்பதிற் கருத்து வேறுபாடு இருத்தல் அரிது.

ஆயினும் இங்குக் கவனிக்கத்தக்க உண்மையொன்று உண்டு. பதவி ஒழிந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும், கிராம சேவையாளர் என்ற பெயரே கிராம அலுவலர் என மாறிய பின்னரும், குடாநாட்டின் கிராமங்களில் அவ்வுத்தியோகத்தரை ‘விதானையார்’ என்றே முதியோர் இன்றும் அழைப்பர். இது வெறும் பேச்சுப் பழக்கமன்று. பதவியின் பெயரும் அதற்கான தகைமையும் மாறியபோதும், ஊரவரின் தேவைக்கும் அரசுக்கும் இடையே நிற்கும் ஆசனம் மாறவில்லை. பழைய ஏடுகள் புதியவர் கைக்கு மாறின, வேலை அறுபடவில்லை. 1963இன் ஒழிப்பு ஒரு வாரிசை உடன் வைத்துச் சென்றது. நல்ல ஒழிப்புக்கு இலக்கணம் கூறவேண்டின் அது இதுவே.

இதற்கு மாறானது 1981இல் நிகழ்ந்தது. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தொடக்கம் படிப்படியாக வளர்ந்துவந்த கிராம சபைகள், 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க மாவட்ட அபிவிருத்திச் சபைகள் சட்டத்தை ஒட்டி ஒழிக்கப்பட்டன. நாடெங்கும் 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் மறைந்து, அவற்றினிடத்தில் மாவட்டத்துக்கொன்றாக 24 சபைகள் வந்தன. தமிழர் அரசியலின் நோக்கில் மாவட்ட சபை ஓர் அதிகாரப் பரவலாக்கமாகக் காட்டப்பட்டது. கிராமத்தின் நோக்கில் அது அதிகாரக் குவிப்பு. ஒழுங்கை திருத்தவும், சந்தையை நடத்தவும், தெருவிளக்கு ஏற்றவும், வாசிகசாலைக்கு உதவவும் இருந்த சபை நடை தூரத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் பெயர்ந்தது.

கிராம சபைகளின் மீதும் சாதி ஆதிக்கத்தின் நிழல் வீழ்ந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நிழலை அகற்றுவதற்காக அவை ஒழிக்கப்படவில்லை. 1981 யூன் மாதத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடைபெற்ற தேர்தல், யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாள்களிலேயே நிகழ்ந்தது. மாவட்ட சபைகள் வேர் விடவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. யுத்தம் மூண்ட வடபுலத்தில் அவை தாளிலேயே இருந்தன. குடாநாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் 1998 சனவரியில்தான் நடைபெற்றது. ஆக, உரும்பிராய் போன்ற கிராமங்கள் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் தெரிவுசெய்த உள்ளூர் மன்றம் எதுவும் இன்றி இருந்தன. இவ்விடைவெளிக்கு யுத்தம் ஒரு காரணம். யுத்தத்திற்கு முன்னரே பழைய கட்டிடத்தை இடித்து விட்டமை மற்றொரு காரணம்.

பிறிதொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. 1981இன் ஒழிப்பு வர்த்தமானி அறிவித்தலால் நிகழ்ந்ததன்று. பாராளுமன்றச் சட்டத்தால் நிகழ்ந்தது. ஆனால் அப்பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களைக் கொண்ட கட்சியின் தலைவரே ஜனாதிபதியாகவும் இருந்தார். ஆதலின் சட்டம் என்ற வடிவம் மட்டும் காவலாகிவிடாது என்ற பாடத்தையும் இது தருகின்றது.

செம்மண்ணும் விரிவாக்கப் பணியும்

உரும்பிராயின் வாழ்வு செம்மண்ணிலும் கிணற்றிலும் தங்கியது. ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லிடையே மாரிமழை தேக்கும் நிலத்தடி நீரைக்கொண்டு வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, வாழை, மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிடும் கமக்காரர் கடும் உழைப்புக்குப் பெயர்போனவர். அவர்களுக்கு அரசிடமிருந்து வேண்டியது நெருக்கமான தொழில்நுட்ப அறிவுரை. நோய் கண்ட இலையைக் கையிற் கொண்டு செல்ல ஓரிடமும், அதனைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இருத்தல் வேண்டும்.

எண்பதுகளில் அத்தகையோர் இருந்தனர். கே.வி.எஸ். எனப்பட்ட கிராம மட்ட விவசாய விரிவாக்கப் பணியாளர்கள் தோட்டத்துக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இடையே பாலமாயினர். ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசாவின் ஆட்சி தொடங்கிய காலத்தில், நிருவாக மறுசீரமைப்பின் பகுதியாக, நாடெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இப்பணியாளர்கள் கிராம அலுவலர்களாக மாற்றப்பட்டனர். ஒருவரும் வேலை இழக்கவில்லை. எந்தத் திணைக்களமும் பெயரளவில் ஒழிக்கப்படவில்லை. ஆயினும் தலைமுறையொன்று கட்டியெழுப்பிய விரிவாக்கச் சேவையின் அடித்தட்டு ஒரு நிருவாகத் தீர்மானத்தாற் பெயர்த்தெடுக்கப்பட்டது. நேற்றுவரை பயிர் நோய் பற்றிப் பேசியவர் மறுநாள் வதிவிடச் சான்றிதழில் ஒப்பமிட்டார்.

இதே காலத்தில் 13ஆவது திருத்தத்தின் வழியே விவசாயம் மத்திக்கும் மாகாணத்துக்குமிடையே பிரிந்தது. கமநல சேவை நிலையம் மத்திய அரசின் திணைக்களத்தின் கீழ்; விவசாயப் போதனாசிரியர் மாகாணத்தின் கீழ். உரமானியத்துக்கு ஒரு வாயில், அறிவுரைக்கு மற்றொரு வாயில். இவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்பு நடைமுறையிற் கமக்காரனின் கால்களுக்கே உரியதாயிற்று.

அலுவலகம் ஒன்று மேலிருந்து கீழே ஆணையைக் கொண்டுவருவதோடு கீழிருந்து மேலே செய்தியையும் கொண்டுசெல்கின்றது. முதற்பணியை வர்த்தமானியே செய்துவிடும். இரண்டாம் பணியை ஆளின்றிச் செய்ய இயலாது. 2021 மே மாதத்தில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்த பின்னர் நவம்பரில் அத்தடையைத் தளர்த்தியது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு யாவரும் அறிந்தது. வயலையும் தோட்டத்தையும் அன்றாடம் காணும் பணியாளர் நிறைந்த, மேலிடம் செவிமடுக்கும் விரிவாக்கச் சேவை ஒன்று உயிர்ப்போடு இருந்திருப்பின், அத்தீர்மானம் அவ்வளவு எளிதில் எடுக்கப்பட்டிருக்குமா என்ற வினா நியாயமானது.

பெயர்கள் மாறும் உதவி

வறுமை ஒழிப்பு நிறுவனங்களின் வரலாறு இவ்வதிகாரத்தின் மற்றொரு முகத்தைக் காட்டும். 1989இல் ஜனாதிபதி பிரேமதாசா ‘சனசவிய’வைத் தொடக்கினார். 1995இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் ஆட்சியில் ‘சமுர்த்தி’ வந்தது. ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் காலத்தில் அது ‘திவிநெகும’ ஆயிற்று. தமிழில் ‘வாழ்வின் எழுச்சி’ என்றனர். ஆட்சி மாறியதும் மீண்டும் சமுர்த்தி என்ற பெயரே நிலைத்தது. 2023இல் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் காலத்தில் ‘அஸ்வெசும’ நடைமுறைக்கு வந்தது. பயனாளர் தெரிவு நலன்புரி நன்மைகள் சபையிடம் சென்றது. பல்லவ, சோழ மன்னர் ஊர்களுக்குத் தம் பட்டப் பெயர்களைச் சூட்டியது போல, நமது ஜனாதிபதிகள் ஏழைகளின் உதவித்தொகைக்குத் தம் காலத்தின் பெயரைச் சூட்டி வந்துள்ளனர்.

பெயர் மாற்றத்தால் என்ன கேடு என வினவலாம். முப்பத்தைந்து ஆண்டுகளாக உரும்பிராயில் வாழும் ஏழைக் கைம்பெண் ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவர் புதிதாகத் தம் வறுமையை நிரூபிக்க வேண்டும். புதிய படிவம், புதிய அளவுகோல், புதிய மேன்முறையீடு. பழைய அலுவலகம் அவரைப் பற்றி அறிந்திருந்தவை புதிய அலுவலகத்துக்குத் தெரியா. முன்னைய முறையில் அநீதி நிகழ்ந்திருப்பின் அதற்கு விடை சொல்லவும் எவருமில்லை. நிறுவனத்தின் மறதி, அதனிடம் கேட்க வந்தவரின் சுமையாகின்றது.

திவிநெகும விவகாரம் யாப்பு நோக்கிலும் முக்கியமானது. சமுர்த்தி அதிகாரசபை, தென் மாகாணத்துக்கும் மலையகப் பிரதேசத்துக்குமென அமைந்திருந்த இரு அபிவிருத்தி அதிகாரசபைகள் ஆகியவற்றை ஒழித்து, மத்தியில் ஒரே திணைக்களமாக்குவதே அச்சட்டமூலத்தின் நோக்கம். மாகாணங்களுக்குரிய விடயங்களை அது தொடுவதால் மாகாண சபைகளின் கருத்தைப் பெறவேண்டும் என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வடக்கில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கவில்லை. ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநர் சபையின் இடத்தில் நின்று இணக்கம் தெரிவித்தார். அதாவது மத்தி கேட்டது, மத்தியே விடையளித்தது. அவ்விணக்கம் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. அதனை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஈற்றில் 2013 சனவரி 8இல் மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் சட்டமூலம் நிறைவேறியது. அத்தீர்மானங்களை வழங்கிய குழாத்துக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க, அதற்கு ஐந்து நாள்களின் பின் பதவியினின்றும் அகற்றப்பட்டார். நிறுவனங்களை மறுசீரமைத்தல் வெறும் நிருவாகக் கருமம் என்போர் அந்த ஒரு வாரத்தின் வரலாற்றைப் படித்தல் நன்று.

கையொப்பத்தில் எழுந்த மாகாணம்

தமிழர் இவ்வதிகாரத்தைத் தமக்குச் சாதகமாக வந்தபோது எவ்வாறு நோக்கினர் என்பதும் ஆராயத்தக்கது. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனா தமது பிரகடனங்களால் வடக்கு, கிழக்கு மாகாணங்களை இணைத்தார். மாகாண சபைகள் சட்டம் அவ்விணைப்புக்கு ஆயுத ஒப்படைப்பு முதலிய நிபந்தனைகளை விதித்திருந்தது. அவை நிறைவேறாத நிலையில், அவசரகால ஒழுங்குவிதி ஒன்றின் மூலம் அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளின் பின், 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் அவ்விணைப்பு செல்லாது எனத் தீர்த்தது. 2007 சனவரி 1 முதல் இரு மாகாணங்களும் தனித்தனியே இயங்கின.

இத்தீர்ப்பின் அரசியல் நோக்கம் பற்றித் தமிழர் மத்தியில் எழுந்த கசப்புக்கு நியாயங்கள் உண்டு. எனினும் விமர்சகன் மற்றொரு வினாவையும் எழுப்பக் கடமைப்பட்டவன். இத்தனை பெரிய நிறுவனத்தின் அத்திவாரம், எவ்வேளையிலும் நீக்கப்படக்கூடிய அவசரகால ஒழுங்குவிதியாக இருந்தபோது, அதனைச் சட்டத்தால் உறுதிப்படுத்துமாறு நாம் போதிய அளவு வற்புறுத்தினோமா? ஒருவர் கையொப்பத்தால் கிடைத்ததைப் பேறு என்று கொண்டாடினோர், அதே வகையிற் பறிபோகக்கூடும் என்பதை எண்ணியிருத்தல் வேண்டும். திருகோணமலையில் ஒன்றாக இருந்த திணைக்களங்கள் பிரிந்தன. கோவைகளும் ஊழியரும் பங்கிடப்பட்டனர். வட மாகாணத்தின் முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பரில் நடைபெற்றது. அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன் பின் ஆண்டுகள் பல கழிந்தும் மறு தேர்தல் நடைபெறாமையால் மாகாண நிருவாகம் ஆளுநரிடமே தங்கியது. இதுவும் ஒருவகை ஒழிப்பே. சபை கலைக்கப்படவில்லை, நிரப்பப்படவில்லை.

எதிர்வாதமும் வரம்பும்

மறுசீரமைப்பு அதிகாரத்துக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதத்தை அதன் வலிமையோடு எடுத்துரைத்தல் வேண்டும். நிறுவனங்கள் தாமாக மடிவதில்லை. தேவை முடிந்த பின்னும் பதவிகளும் வாகனங்களும் எஞ்சிநிற்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாராளுமன்றத்தின் அனுமதியை எதிர்பார்த்தால் எதுவும் மாறாது. கடன் சுமையால் 2022இல் வீழ்ந்த நாடு பயனற்ற அலுவலகங்களைத் தாங்க இயலாது. இவ்வாதத்தில் உண்மை உண்டு.

ஆயின் அனுபவம் கூறுவது யாது? 2007இல் எல்லாத் தரத்து அமைச்சர்களின் தொகையும் நூற்றைத் தாண்டியது. 2015இல் 19ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30 என்னும் உச்ச வரம்பை விதித்தது. 2020 ஓகத்தில் 28 அமைச்சுகளும் 40 இராஜாங்க அமைச்சுகளும் வர்த்தமானியில் வெளிவந்தன. பிரம்பு, பித்தளை, மட்பாண்டம், தளபாடம் ஆகியவற்றுக்கும் ஓர் இராஜாங்க அமைச்சு வாய்த்தது. 2024 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 21 அமைச்சர்களைக் கொண்ட அமைச்சரவையை அமைத்தார். பெருக்கத்துக்கும் சுருக்கத்துக்கும் ஒரே அதிகாரமே வாயிலாயிற்று. சிக்கனம் நேர்ந்தபோது அது ஆளின் குணத்தால் நேர்ந்தது. யாப்பின் குணத்தால் நேரவில்லை. நல்லவர் வந்தால் நன்மை என்பது ஆட்சிமுறையாகாது, அது நேர்த்திக்கடன்.

பிற நாடுகள் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே வழி தேடியுள்ளன. பிரித்தானியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைச்சர்களின் பணிகளை மாற்றும் ஆணைகள் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டுச் சட்டம், மறுசீரமைப்புத் திட்டத்தைச் சனாதிபதி முன்வைக்கவும் காங்கிரஸ் மறுக்கவும் இடமளித்தது. அவ்வகை அதிகாரம் 1984இல் காலாவதியாயிற்று. அந்நாட்டிலேயே 2025இல், 1961 முதல் இயங்கிய சர்வதேச அபிவிருத்தி முகவரகம் ஒருசில மாதங்களுக்குள் கலைக்கப்பட்டபோது, அதனை நம்பிய தூர தேசத்துத் திட்டங்கள் திடீரென நின்றன. இந்தியாவில் 1950இல் அமைச்சரவைத் தீர்மானத்தால் பிறந்த திட்ட ஆணைக்குழு, அவ்வாறான தீர்மானத்தாலேயே மறைந்து, 2015 சனவரியில் ‘நிதி ஆயோக்’ அதன் இடத்தைப் பெற்றது. சட்டத்தின் வேர் இல்லாத நிறுவனம் எத்துணைப் பெரிதாயினும் ஒரு தாளில் முடியும் என்பதற்கு இது சான்று.

நமது மரபிலும் நோக்கத்தக்க உதாரணம் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919ஐயும் 921ஐயும் சேர்ந்தவை, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் விதிகளைக் கூறுவன. முதலில் வகுத்த விதி இரண்டு ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அரசாணை வந்தது, அரச அலுவலர் உடனிருந்தார், சபை கூடி முடிவு செய்தது, முடிவு யாவரும் காணக் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டது. அச்சபை சொத்தும் பிறப்பும் உடைய சிலருக்கே உரியது என்பதை மறந்து அதனைச் சனநாயகம் எனப் புகழ்தல் தவறு. ஆயினும் ஊரின் நிறுவனத்தை மாற்றும்போது ஊரவையைக் கூட்டி, மாற்றத்தை எழுதி வைக்க வேண்டும் என்ற உணர்வு அங்குக் காணப்படுகின்றது.

இவற்றைக்கொண்டு நோக்குமிடத்து வேண்டற்பாலன நான்கு. முதலாவது, ஒரு நிறுவனத்தை ஆக்கும், மாற்றும், ஒழிக்கும் ஒவ்வோர் அறிவித்தலும் அதற்கான காரணங்களை மும்மொழியிலும் கூறுதல் வேண்டும். இரண்டாவது, அது குறித்த நாள்களுக்குப் பாராளுமன்றத்தின் முன் கிடந்து, மறுக்கப்படும் வாய்ப்பைப் பெறுதல் வேண்டும். மூன்றாவது, ஒழியும் அலுவலகத்தின் வாரிசு யார் என்பது அறிவித்தலிலேயே பெயர் குறிக்கப்படல் வேண்டும். கோவைகள், ஊழியர், முடிவுறாத விண்ணப்பங்கள் யாரிடம் செல்லும் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமகனுக்குக் கேட்கும் உரிமையைத் தந்தது. கேட்கப்படும் அலுவலகம் மறைந்து, அதன் கோவைகள் எங்கோ சிதறிக்கிடப்பின் அவ்வுரிமை யாரிடம் செல்லுபடியாகும்? நான்காவது, கிராமத்தை நேரே தொடும் அலுவலகமாயின், அப்பகுதி மக்களின் தெரிவுசெய்யப்பட்ட மன்றத்தின் கருத்தைக் கேட்டல் வேண்டும். அம்மன்றம் இல்லாதவிடத்து நியமனம் பெற்ற ஒருவரின் இணக்கத்தை மக்களின் இணக்கமாகக் கொள்ளலாகாது.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழித்துவிட்டால் இவை யாவும் தீரும் என்பாரும் உளர். 1994 முதல் அவ்வாக்குறுதி பல தேர்தல்களில் அளிக்கப்பட்டு வந்துள்ளது. நிறைவேறின் நன்றே. ஆனால் மறுசீரமைக்கும் அதிகாரம் அப்போது மறைந்துவிடாது; பிரதமரிடமோ முதலமைச்சரிடமோ சென்றடையும். தமிழர் தம் கரங்களிற் பெறும் எந்த அலகிலும் அவ்வதிகாரம் யாரோ ஒருவரிடம் இருக்கத்தான் போகின்றது. 1949இல் சமஷ்டிக் கோரிக்கை எழுந்த காலம் தொட்டு, அதிகாரம் எங்கே இருத்தல் வேண்டும் என்பது பற்றி நாம் அயராது விவாதித்து வந்துள்ளோம். கிடைக்கும் அலுவலகம் எவ்வாறு கட்டப்படல் வேண்டும், எவ்வாறு மூடப்படல் வேண்டும் என்பது பற்றி அவ்வளவு சிந்தித்தோமல்லோம். பல்கலைக்கழகத்திலே அரசறிவியலும் சட்டமும் வரலாறும் பயில்வோர் கிராமத்தின் அலுவலக வரலாறுகளை எழுத முன்வருதல் இதற்குத் தொடக்கமாகலாம். ஒழிக்கப்பட்ட கிராம சபைகளின் கூட்டக் குறிப்புகளுள் எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்தலும், அச்சபைகளை நேரிற் கண்ட முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்தலும் இன்னும் சில ஆண்டுகளில் இயலாத காரியமாகிவிடும். கொழும்பிலோ கைதடியிலோ இடப்படும் அடுத்த கையொப்பத்துக்கு முன்னர் அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.